சம்பந்தியோடு ஒன்பது குழி

மேகம் இறங்கி முதல் மேட்டை மூடிக்கொண்டுவிட்டது, இதில் கொடியைப் பார்த்து அடி என்றால் எந்தக் கொடியைப் பார்ப்பது, ஆனால் சம்பந்தி அதற்கெல்லாம் கவலைப்படுகிற ஆளில்லை, தேங்காய் உரிக்க நிற்பவர் மாதிரி காலை அகட்டி நின்று, முருகா என்று மூச்சை விட்டு, கோல்ஃப் மட்டையை ஒரு வீசு வீசினார், பந்து வெள்ளைக்குள் வெள்ளையாகப் போய்விட்டது. "எங்கீங்க சம்மந்தி போச்சு?" என்கிறார். "நேராத்தானுங்க போச்சு" என்கிறேன். நேராகப் போகவில்லை, வலப்பக்கம் தேயிலைக்குள் விழுந்த சரசரப்பு எனக்குக் கேட்டது. சம்பந்தியிடம் சொல்கிற பொய் பொய்யில்லை, மரியாதை. ஆனால் இன்றைக்கு நான் அவரிடம் சொல்ல வேண்டியது உண்மை. காலையில் நான் காப்பிகூடக் குடித்திருக்கவில்லை, மிருதுளா சால்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, "அப்பா, நானும் தரணியும் பிரியறதுன்னு முடிவு பண்ணிட்டோம்" என்றாள். என் மகள். தரணி, இதோ எனக்கு முன்னால் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குதூகலமாக நடக்கிற நாச்சிமுத்துவின் ஒரே மகன். சண்டையா என்று கேட்டேன். "சண்டை போட்டாத்தான் பரவால்லையேப்பா. ஒரு வருசமா ஒரே வீட்ல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம்" என்றாள். அதுவரை அழவில்லை. "மாமாகிட்ட சொல்ல தரணிக்குத் தைரியம் இல்ல. அம்மாவும் அத்தையும் இருக்கற எடத்துல சொன்னா ரகளையாயிரும். விளையாடும்போது நீங்க சொல்லிருங்கப்பா. நீங்க சொன்னா மாமா தாங்கிக்குவாரு" என்றபோதுதான் அழுதாள், புருஷனுக்காக இல்லை, மாமாவுக்காக. மத்தியானச் சாப்பாட்டுக்குள் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டில் கேக் வெட்டுவார்கள். இன்று அவர்களுக்குக் கல்யாண நாள்.

தேயிலைச் செடிகளுக்குள் மட்டையை விட்டுத் துழாவுகிறோம், இலை நுனிகளில் தண்ணீர் நிற்கிறது, பேண்ட் முழங்கால் வரை நனைந்து குளிர்கிறது, நல்ல குளிர், தூக்கத்துக்குள் வருகிற குளிர் மாதிரி. "சம்மந்தி" என்கிறேன். "சொல்லுங்க" என்கிறார் குனிந்தபடியே. "இந்தச் செடி கவாத்துப் பண்ணி ரொம்ப நாளாச்சு போல" என்கிறேன். கவாத்து! வாயைத் திறந்தால் கவாத்துதான் வருகிறது. "கெடச்சிருச்சுங்க!" என்று அவர் பந்தைத் தூக்கிக் காட்டுகிறார், அது வேறு யாரோ எப்போதோ தொலைத்த மஞ்சள் பந்து, அதையே வைத்து ஆடுகிறார், நான் பார்க்கவில்லை. இப்படி ஓர் ஆளைக் கண்டதில்லை. பொள்ளாச்சியில் கயிற்றுத் தொழிற்சாலை, சர்க்கரை ஏறிப்போய் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னபோது, சும்மா நடக்க நான் என்ன கோயில் மாடா, கையில் ஒரு வேலை இருந்தால்தான் கால் நகரும் என்று சொல்லிவிட்டு, அறுபது வயதை நெருங்கும்போது கோல்ஃப் மட்டை வாங்கினவர். நான் அப்படியில்லை. கோயமுத்தூர் மில்லில் இன்ஜினியராக இருந்தபோது மேனேஜர் ஒரு வடக்கத்திக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஆடத் துணையில்லாமல் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார், வருஷக்கணக்கில் ஆடி, கிளப்பில் கோப்பைகூட வாங்கியிருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்தக் கோப்பையைத்தான் நாச்சிமுத்து முதலில் பார்த்தார், பெண்ணை அப்புறம்தான் பார்த்தார். "ஏனுங்க, நீங்க கோல்ஃப் ஆடுவீங்களா?" என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம். பாதிக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது. இந்த மலை ஊர் ரிசார்ட்டை அவர்தான் கண்டுபிடித்தார், ஒன்பதே குழி, எல்லாம் ஏற்றமும் இறக்கமும், ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இரண்டு குடும்பமும் இங்கே வருவது என்று அவரே சட்டம் போட்டார். பிள்ளைகள் சும்மா தலையாட்டினார்கள். யாருக்காக வந்துகொண்டிருந்தோம், அவர்களுக்காகவா, எங்கள் இருவருக்காகவா என்று ஒரு நாளாவது நான் யோசித்ததுண்டா.

இரண்டாவது மேடு. மேகம் கொஞ்சம் விலகிப் பள்ளத்தாக்கு தெரிகிறது, கீழே ஒரு கோயில் ஒலிபெருக்கி பாடுவது காற்று திரும்பும்போது மட்டும் கேட்கிறது, பாதிப் பாட்டு, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் வேறொரு பாட்டின் பாதி. நான் அடிக்கிறேன், பந்து தைல மரங்களைத் தாண்டி அழகாகப் போய் விழுகிறது, கையில் அந்த இனிப்பு, சரியாகப் பட்ட பந்து கையில் விட்டுப் போகிற இனிப்பு. எப்படிச் சொல்வது? "சம்மந்தி, பிள்ளைகளுக்கு ஒத்து வரலீங்க." ஒத்து வரவில்லை என்பது ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளாத மாதிரி இருக்கிறது. "சம்மந்தி, மனசைத் திடப்படுத்திக்கணும்." ஐயோ, இது சாவுச் செய்தி. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று ஆரம்பித்தால் நானே என்னை அறைந்துகொள்ள வேண்டும். மில்லில் எத்தனை பேருக்கு எத்தனை கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன், மூன்றாவது ஷிப்டையே நிறுத்தப்போகிறோம் என்று அத்தனை பேர் முன்னால் ஏறி நின்று சொன்னவன், இந்த ஒரு மனுஷனிடம் வாய் வரவில்லை. அவர் பந்தைப் புல்லில் மெல்லத் தட்டித் தட்டிக் கொண்டுபோகிறார், ஒவ்வொரு தட்டுக்கும் "போ சாமி, போ" என்று அதனிடம் பேசிக்கொண்டே. குழிக்கு ஒரு முழம் இருக்கும்போது நான் எப்போதும் சொல்வதைச் சொல்கிறேன், "குடுத்தாச்சுங்க, எடுத்துக்கோங்க." இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த வழக்கமே அதுதான், எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில் கிடந்தால், போடாமலே போட்டதாக விட்டுக்கொடுக்கலாம். வேறெந்த ஆட்டத்தில் இப்படி ஒரு தாட்சண்யம் இருக்கிறது?

தாட்சண்யம் என்றதும் பூங்கொடி ஞாபகம் வருகிறாள், என் மனைவி. முதல் வருஷம் நான் ஒன்றும் தெரியாமல் முதல் நான்கு குழியையும் ஜெயித்து, அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே இடைவேளையில் டீ குடிக்கப் போனேன். அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, "பொண்ணக் குடுத்த எடத்துல போயி ஜெயிச்சுட்டு வருவீங்களா? அறிவிருக்குதா உங்களுக்கு?" என்றாள். பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிற்பாதியிலிருந்து தோற்க ஆரம்பித்தேன். சொல்வது சுலபம், நாச்சிமுத்துவிடம் தோற்பது லேசுப்பட்ட காரியமா. அவர் ஒரு குழிக்கு எட்டு அடி அடிப்பார், நான் ஒன்பது அடிக்க வேண்டும், அதுவும் சந்தேகம் வராமல். மரத்தில் படும்படி அடிப்பது, தெரியாமல் காலால் மண்ணைக் கிளப்புவது, குழியின் உதட்டில் பந்து நின்று போகும்படி தட்டுவது, இதையெல்லாம் ஜெயிக்கக் கற்றதைவிடப் பாடுபட்டுக் கற்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் என் தோளைத் தட்டி, "ஆனைக்கும் அடி சறுக்குமுங்க சம்மந்தி, விடுங்க" என்பார். கடைசிக் குழியில் ஜெயித்ததும் மேலே வராந்தாவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கத்துவார், மிருதுளா எழுந்து நின்று கை தட்டுவாள், விசில்கூட அடிப்பாள், அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் நூறு தடவை தோற்கலாம் என்று இருக்கும். அதை நினைத்துக்கொண்டே மூன்றாவது குழியில் பந்தைத் தட்டுகிறேன், போய் விழுகிறது, எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.

நான்காவதில் காட்டெருமை. ஒன்றில்லை, மூன்று, புல்வெளியின் நடுவில் ஈரத்தோடு கருப்பாக நிற்கின்றன, கால்களில் மட்டும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. இங்கே விதி, அவை நகரும்வரை ஆட்டம் நிற்க வேண்டும், அவற்றின் குளம்புக் குழியில் பந்து விழுந்தால் கையால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். நாங்கள் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கிறோம். எருமைகள் மெல்லுகின்றன, மேகம் அவற்றின் முதுகைத் தடவிக்கொண்டு போகிறது, ஒன்று மறைகிறது, திரும்ப வருகிறது, ஒருவேளை மூன்று இல்லை, நான்கோ. இதுதான் சமயம், கடவுளாகப் பார்த்துக் கொடுத்த சமயம், ஓட இடமில்லை, ஆடவும் முடியாது. "சம்மந்தி" என்கிறேன். "சொல்லுங்க." ஓர் எருமை தலையைத் தூக்கி என்னையே பார்க்கிறது, நீ சொல்லப்போவதில்லை என்று அதற்குத் தெரியும். "காத்து எடப்பக்கம் அடிக்குது" என்கிறேன். "ஆமாங்க" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "காலைல மிருதுளா போன் பண்ணலீங்க" என்கிறார். "பெங்களூர்ல இருந்தாலும் சரி, இங்க பக்கத்து ரூம்ல இருந்தாலும் சரி, மாமா மாத்திரை போட்டாச்சான்னு தெனம் ஒரு போன் வருமுங்க. அவ கேக்காம நான் மாத்திரையே எடுக்கறதில்ல, ஒரு வீம்புக்கு. இன்னைக்குப் பாத்தேன், பாத்தேன், வரல. தூங்கிட்டா போல." "ஆமா, அலைச்சல்" என்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நிற்கிறேன், அந்தச் சோறும் எருமை முன்னால் பரிமாறியிருக்கிறது. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கிறேன். "இல்லீங்க" என்று சிரிக்கிறார். எருமைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் இறங்கிவிட்டன. எப்போது போயின என்றே தெரியவில்லை.

ஐந்தாவது ஏற்றம், மூச்சு வாங்குகிறது, பேச முடியாத ஏற்றம், நல்லதாகப் போயிற்று. மூச்சு வாங்கும்போது மனசு தானாக எங்கோ போகிறது, நிச்சயதார்த்தத்துக்குப் போகிறது. இரண்டு அப்பன்களும் எதிரெதிரே உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றினோம், அவர் தட்டு எனக்கு, என் தட்டு அவருக்கு, இரண்டு தட்டும் நடுவில் முட்டிக்கொண்டன, இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம். மாற்றிய வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை. கோர்ட்டில் பிள்ளைகளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டால் அவர்கள் பழையபடி அவனும் அவளும் ஆகிவிடலாம். எங்களுக்கு? நாளைக்கு இவரைக் கடைவீதியில் பார்த்தால் நான் என்ன செய்வேன், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேனா, சொந்தக்காரர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், அவருடைய பங்காளிகள் என் வீட்டைத் திட்ட வேண்டும், என் பங்காளிகள் அவர் வீட்டைத் திட்ட வேண்டும், அதுதான் முறை. மில்லை மூடினபோது அங்கிருந்த சிநேகிதமெல்லாம் கேட்டோடு போயிற்று. அதற்கப்புறம் எனக்குப் போன் செய்கிற ஒரே ஆள் இவர்தான், ஒன்றுமில்லாததற்குச் செய்வார், இங்க மழைங்க, அங்க எப்படி என்பார். எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மகளுடைய வாழ்க்கை முறிந்து கிடக்கிறது, அப்பனுக்குத் தன் விளையாட்டுத் துணை போய்விடுமே என்று கவலை. மிருதுளா பிழைத்துக்கொள்வாள், அவள் கண்ணில் அதைக் காலையிலேயே பார்த்தேன், அழுது முடித்ததும் முகம் தெளிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேர்தான் பிழைப்போமா என்று தெரியவில்லை. மகளே, இப்படி ஒரு அப்பன் உனக்கு.

ஆறாவது எப்படி முடிந்தது என்று ஞாபகமில்லை. மேகத்துக்குள் நடந்தோம், நம் காலே நமக்குத் தெரியாத மேகம், சம்பந்தியின் இருமல் சில சமயம் முன்னால் கேட்டது, சில சமயம் பின்னால். நான் அடித்தேன், நடந்தேன், அடித்தேன். வாய்க்குள் ஒரே வாக்கியம் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது, இவங்க ரெண்டு பேரும், இவங்க ரெண்டு பேரும், அதற்குமேல் போகவில்லை. ஏழாவது குழியில் பந்தை எடுக்கக் குனிந்தபோது சம்பந்தி, "இதும் உங்களுக்குத்தானுங்க" என்றார், மெதுவாக. இதும் என்றால்? நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை, கோபமும் இல்லை, ஏதோ சத்தத்துக்குக் காது கொடுக்கிற மாதிரி நின்றார். அப்போதுதான் உறைத்தது. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது எனக்கு, மூன்றாவது எனக்கு, அதற்கப்புறம் எத்தனை எனக்கு என்றே தெரியாது, எங்கோ சிலதை அவருக்கு விட்டிருக்க வேண்டும், ஒரு குழி நான் முன்னால் நிற்கிறேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, தோற்பதை மறந்துபோய்விட்டேன். மனசு ஒரு பக்கம் உளறிக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு அதற்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறது. பூங்கொடிக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவாள். அப்புறம் நினைத்தேன், எதற்குத் தொலைக்க வேண்டும், இனிமேல் இது பெண்ணைக் கொடுத்த இடமே இல்லையே. அந்த நினைப்பு வந்ததும் கண் கரித்தது, மேகத்தின்மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டேன்.

எட்டாவதில் பிராயச்சித்தம் செய்தேன். பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் அடித்தேன், எடுத்து மறுபடி புதருக்குள்ளேயே அடித்தேன். சம்பந்தி "ஆனைக்கும்" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. குழியை ஜெயித்துவிட்டு அவர் சந்தோஷப்படவும் இல்லை, கொடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆட்டம் சமமாகிவிட்டது, கடைசிக் குழி யாருக்கோ அவருக்கே ஆட்டம். சரி, தோற்றுவிடுவோம், அவர் கையைத் தூக்கட்டும், ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கட்டும், அப்புறம் வராந்தாப் படியேறும்போது சொல்லிவிடலாம். அப்படித் தீர்மானித்ததும் மனசு லேசாகி, மேகமும் சொல்லி வைத்தாற்போல் கிழிந்து, கீழே ரிசார்ட்டின் சிவப்பு ஓடும் வராந்தாவும் வெயிலில் துடைத்து வைத்த மாதிரித் தெரிந்தன. பூங்கொடியும் சம்பந்தியம்மாவும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து ஏதோ சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் தரணி போனைப் பார்த்தபடி. இன்னொரு ஓரத்தில் மிருதுளா. நடுவில் அத்தனை காலி நாற்காலிகள்.

ஒன்பதாவது குழி வராந்தாவுக்கும் கீழே பள்ளத்தில் இருக்கிறது, சம்பந்தி தட்டித் தட்டி அதை முடித்துவிட்டார். என் பந்து குழியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிக் கிடக்கிறது, போட்டால் எனக்கு, இரண்டு தட்டுத் தவறினால் அவருக்கு. வலப்பக்கம் கொஞ்சம் தள்ளித் தட்டினால் போதும், சரிவில் உருண்டு கீழே போய்விடும், எத்தனையோ தடவை செய்ததுதான். குனிகிறேன். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைக்கிறேன். ஒரு தடவை மேலே பார்க்கிறேன், பார்த்திருக்கக் கூடாது, மிருதுளா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கை தட்ட இல்லை, சொல்லியாச்சா அப்பா என்று கேட்கிற நிற்பு. இல்லை கண்ணு, இன்னும் இல்லை, எனக்கு வாய் வரவில்லை, நான் என்ன செய்வேன் என்று அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கை தட்டிவிட்டது. பந்து போகிறது. நேராகப் போகிறது. நின்றுவிடு என்கிறேன், திரும்பு என்கிறேன். டொக் என்று குழிக்குள் விழுந்த சத்தம் அந்த மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

சம்பந்தி கையைத் தூக்கவில்லை. மேலே மருமகளைப் பார்த்தார், அப்புறம் மகனை, அப்புறம் நடுவிலிருந்த நாற்காலிகளை. குல்லாவைக் கழற்றினார். "சம்மந்தி, இன்னைக்கு நீங்க தோக்க மறந்துட்டீங்க" என்றார். "தெரியுமாங்க?" என்றேன். "தேங்காயத் தட்டிப் பாத்தே உள்ள எப்படீன்னு சொல்றவனுங்க நானு. மொத வருசமே தெரியும். நீங்க உங்க பொண்ணுக்காகத் தோத்தீங்க, நான் அந்தப் பொண்ணு கை தட்டுவாளேன்னு ஜெயிச்சுக்கிட்டேன். காலைல போன் வரல. இப்ப நீங்க தோக்கல. பசங்களுக்கு என்ன ஆச்சுங்க?" காலையிலிருந்து கட்டி வைத்த வாக்கியம் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "பிரியறாங்களாமுங்க" என்றேன். "சண்டையெல்லாம் இல்ல. ரெண்டு பேருமாத்தான் முடிவெடுத்திருக்காங்க. உங்ககிட்டச் சொல்ல பயந்துக்கிட்டு என்னைச் சொல்லச் சொன்னாங்க." "முடிவாவா?" "முடிவாத்தானுங்க." தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். சட்டைப் பையில் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்தார், ஒன்றைப் பிய்த்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். பிறகு மேலே பார்த்து, எப்போதும் ஜெயித்ததும் கத்துகிற அதே குரலில், "மாத்திரை போட்டாச்சு கண்ணு!" என்று கத்தினார். மிருதுளா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பூங்கொடி சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

நாங்கள் படியேறவில்லை. சம்பந்தி கொடியை எடுத்துக் குழியில் நட்டார், அது நேராக நிற்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார். "அப்பறம் நம்ம ரெண்டு பேரும் இனி யாருங்க?" என்றார். குல்லாவைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "எம் பேரு தெரியுமில்லீங்க உங்களுக்கு? அதைச் சொல்லிக் கூப்பிடுங்க பாப்போம். பழகிக்கோணுமில்ல." கல்யாணப் பத்திரிகையில் பார்த்த பெயர், ரிசார்ட் பில்லில் பார்த்த பெயர், மனசுக்குள் காலையிலிருந்து எத்தனையோ தடவை சொல்லிக்கொண்ட பெயர். அவர் காத்துக்கொண்டிருந்தார், மருந்து கொடுப்பார்கள் என்று வாயைத் திறந்து வைத்திருக்கிற குழந்தை மாதிரி. மேகம் மறுபடி இறங்கி முதலில் வராந்தாவை எடுத்துக்கொண்டது, அப்புறம் படியை, அப்புறம் கொடியை. வாயைத் திறந்தேன்.

"சம்மந்தி" என்றேன்.

"சொல்லுங்க" என்றார்.